ஏழையின் கை ஓங்கலாமா?
நாவல்கள் கூறும் விடை

கதைகளிலே கொடியவன் ஒருவன் ஏழையின் கையால் மாண்டு வீழும்போது நாம் பெரும்பாலும் வருந்துவதில்லை. “அவனுக்கு இது வேண்டியதுதான்” என்று நம் உள்ளம் சொல்லிக்கொள்கிறது. எறும்புக்கும் தீங்கு நினையாத இல்லத்தரசியும், இன்னா செய்யாமையைப் பிள்ளைகளுக்குப் போதிக்கும் ஆசிரியரும் அந்த ஒரு கணத்திலே கொலைக்கு உடன்பட்டுவிடுகின்றனர். அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் உடன்பட்டதையும் மறந்துவிடுகின்றனர்.

வர்க்க ஏற்றத்தாழ்வை ஒழிப்பதற்கு வன்முறை நியாயமாகுமா என்ற வினாவை அரசியல் மேடைகள் நெடுங்காலமாக விவாதித்து வருகின்றன. அங்கே விடைகள் முழக்கங்களாக வரும். அதே வினாவைப் பெரும் நாவலாசிரியர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர்? அவர்கள் முழக்கமிடவில்லை. மனிதர்களை நம் முன்னே நிறுத்தினார்கள். அம்மனிதர் சிலரை இன்று நாம் சந்திப்போம்.

வீசியெறிந்த பொற்காசு

ஆங்கில நாவலாசிரியர் சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1859ஆம் ஆண்டிலே, தாம் நடத்திய வாரப் பத்திரிகையில், ‘இரு நகரங்களின் கதை’ என்னும் நாவலைத் தொடராக எழுதினார். பிரெஞ்சுப் புரட்சியே அதன் களம். பாரிஸ் நகரின் ஒடுங்கிய தெருவொன்றிலே ஒரு பிரபுவின் வண்டி பாய்ந்து வருகிறது. ஏழையின் குழந்தை ஒன்று சக்கரத்திலே அகப்பட்டு மடிகிறது. பிரபு தலையை நீட்டித் தன் குதிரைகளுக்கு ஊறு நேர்ந்ததோ என்று கவலைப்படுகிறான். கதறும் தந்தையை நோக்கி ஒரு பொற்காசை வீசுகிறான். குழந்தைக்கு விலை கொடுத்தாயிற்று!

பின்னர் அந்தத் தந்தை பிரபுவின் மாளிகையிலே புகுந்து, துயிலும் பிரபுவைக் கத்தியால் குத்திக் கொல்கிறான். அதற்காகக் கிராமத்து நீரூற்றின் அருகே தூக்கிலிடப்படுகிறான். இதுவரையில் வாசகரின் நெஞ்சம் முழுவதும் அத்தந்தையின் பக்கமே நிற்கும். அதிலே வியப்பில்லை.

ஆனால், டிக்கன்ஸ் அத்துடன் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மதுக்கடை நடத்தும் மடாம் டிபார்ஜ் என்பவளை அவர் காட்டுகிறார். அவளுடைய குடும்பத்தை அதே பிரபு வமிசம் அழித்தது. அவள் ஓயாது கம்பளி பின்னுகிறாள். அப்பின்னலிலே சாக வேண்டியவர்களின் பெயர்களைக் குறியீடுகளாகப் பதித்து வைக்கிறாள். அவளுடைய துயரம் உண்மையானது. அவளுடைய வழக்கும் நியாயமானது. எனினும், அவள் கேட்கும் கணக்கு குற்றவாளியோடு முடிவதில்லை. அவ்வமிசத்தின் செல்வத்தையே உதறிவிட்டு உழைத்துப் பிழைத்த இளைஞனும், அவன் மனைவியும், ஒன்றுமறியாச் சிறுமியும் மடியவேண்டுமென்று அவள் கருதுகிறாள்.

கதையின் இறுதியிலே கொலைமேடைக்குச் செல்லும் வண்டியில் ஒரு பெண்ணிருக்கிறாள். அவள் பிரபு குலத்தவளல்லள். துணி தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண். எவருக்காகப் புரட்சி எழுந்ததோ, அவர்களுள் ஒருத்தியையே புரட்சியின் வாள் பலிகொள்கிறது. டிக்கன்ஸ் எழுப்பும் கண்டனத்தின் கூர்மை முழுவதும் அத்தையற்பெண்ணிடத்திலேயே இருக்கிறது என்பது நமது எண்ணம்.

நிலக்கரிச் சுரங்கத்தின் கணக்கு

பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா 1885ஆம் ஆண்டிலே ‘ஜெர்மினல்’ என்னும் நாவலை வெளியிட்டார். அதற்கு முன் ஆண்டு, வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த அன்சான் என்னும் சுரங்கப் பகுதிக்கு நேரிலே சென்று, சுரங்கத்தினுள்ளும் இறங்கிப் பார்த்தார்.

நாவலிலே சுரங்கக் கம்பனி தந்திரமாகக் கூலியைக் குறைக்கிறது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்கின்றனர். பசி முற்றுகிறது; கோபம் மூளுகிறது. கடனுக்குப் பொருள் கொடுப்பதற்கு விலையாகப் பெண்களின் மானத்தைக் கேட்ட கடைக்காரன் ஒருவன், கூட்டத்துக்கு அஞ்சிக் கூரையிலிருந்து தவறி வீழ்ந்து மாள்கிறான். அவன் பிணத்தின் மீதும் பெண்கள் தம் ஆத்திரத்தைத் தீர்க்கின்றனர். இராணுவம் சுடுகிறது, தொழிலாளர் மாள்கின்றனர்.

இங்கே ஸோலா ஒரு கணக்கை எழுதி வைத்துள்ளார். வன்முறையின் அடி எவரெவர் மீது விழுந்தது என்று பாருங்கள். இரவிலே காவல் நின்ற இளஞ்சிப்பாய் ஒருவன் கொல்லப்படுகிறான். அவனும் தொலைவிலுள்ள ஏழைக் குடும்பத்தின் பிள்ளையே. பங்குதாரரின் மகள், தருமம் கொடுக்க வந்த அப்பாவிப் பெண், சுரங்கத்திலே உருக்குலைந்த கிழவன் ஒருவனின் கைகளால் கழுத்து நெரிபட்டு மாள்கிறாள். சிறு சுரங்கம் ஒன்றின் உரிமையாளர் கலகத்தினால் நொடித்துப் போகிறார். அவருடைய சுரங்கத்தையும் பெரிய கம்பனியே வாங்கிக்கொள்கிறது. அனைத்தையும் அழித்தாலே புதுவுலகம் பிறக்கும் என்று நம்பும் ருஷ்யன் ஒருவன் சுரங்கத்தின் காப்பை அறுத்துவிடுகிறான்; வெள்ளத்திலே மூழ்கி மடிவோர் தொழிலாளரே. இலாபத்தைப் பங்கிட்டு உண்போருட் பெரும்பாலோர் அவ்வூரிலேயே இல்லை!

எனினும், ஸோலா தொழிலாளரைக் கைவிட்டாரா? இல்லை. பசியும் கூலிக்குறைப்பும் அவர்களை எவ்வாறு அந்நிலைக்குத் தள்ளின என்பதைப் படிப்படியாகக் காட்டினார். 1902ஆம் ஆண்டிலே அவருடைய இறுதி ஊர்வலத்தில் சுரங்கத் தொழிலாளர் திரண்டு நடந்து, அந்நாவலின் பெயரையே உரத்துக் கூவினர். தம் பிழைகளையும் மறையாது எழுதிய ஆசிரியரை அவர்கள் தம்மவராகவே கொண்டனர்.

புரட்சி எழுத்தாளரின் மனச்சாட்சி

மேற்சொன்ன இருவரும் புரட்சியாளர் அல்லர் என்று சிலர் கூறலாம். அவ்வாறாயின் மாக்சிம் கோர்க்கியின் ‘தாய்’ நாவலை நோக்குவோம். 1906ஆம் ஆண்டிலே முதலில் வெளிவந்த அந்நாவல், ரகுநாதனின் மொழிபெயர்ப்பின் வாயிலாகத் தமிழ் வாசகர் பலரை அடைந்தது. அந்தத் தாயின் ஆயுதம் கத்தியன்று. தொழிற்சாலைக்குள்ளே மறைத்து எடுத்துச்செல்லும் துண்டுப் பிரசுரமே.

அக்கதையிலும் ஒரு கொலை நிகழ்கிறது. தொழிலாளரைக் காட்டிக்கொடுத்த ஒற்றன் ஒருவன் கொல்லப்படுகிறான். வேறோர் ஆசிரியராயின் அதனை வெற்றியாகக் கொண்டாடியிருப்பார். கோர்க்கியோ, அதைத் தடுத்திருக்கக்கூடிய தோழன் ஒருவன், தடுக்காமற் போனோமே என்று உள்ளம் குமைவதை எழுதினார். புரட்சியைத் தம் வாழ்வாகக் கொண்டவர்களுக்கும் இரத்தம் இலேசான பொருளாயிருக்கவில்லை.

முதல் அடி எவருடையது?

இத்தனையும் கேட்டபின், “ஏழைகளே, பொறுமையாயிருங்கள்” என்று உபதேசித்து எழுந்துவிடலாமா? அஃது அறமாகாது. வன்முறை என்றதும் கீழேயிருந்து ஓங்கிய கையையே பலரும் காண்கின்றனர். மேலேயிருந்து நாள்தோறும் விழும் அடி அவர்களுடைய கண்ணிலே படுவதில்லை.

தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியிலே, 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி இரவில், ஒரு குடிசையினுள்ளே அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கு இரையாயினர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அங்குள்ள விவசாயத் தொழிலாளர் செய்த குற்றம், கூலி உயர்வு கேட்டதும் செங்கொடியின் கீழ் ஒன்று சேர்ந்ததும். 1973ஆம் ஆண்டிலே சென்னை உயர் நீதிமன்றம் அவ்வழக்கில் நிலவுடைமையாளரை விடுவித்தது. அந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’, 1977ஆம் ஆண்டிலே சாகித்திய அக்கடமிப் பரிசு பெற்றது. நிலவுடைமையாளனின் கொடுமைக்கு அவனுடைய உடற்குறையைக் காரணமாக்கியதால் வர்க்கப் பகைமை மங்கிவிட்டது என்று விமர்சகர் சிலர் அந்நாவலைக் குறைகூறினர். கொடுமை ஒரு மனிதனின் நோயா, ஒரு சமூக அமைப்பின் விளைவா என்பதே அவ்விவாதத்தின் சாரம்.

நமது நாட்டிலும் இவ்வினா எழுந்ததுண்டு. யாழ்ப்பாணத்திலே ஆலயக் கதவும் தேநீர்க் கடையும் ஒரு பகுதி மக்களுக்கு மூடப்பட்டிருந்த காலத்தை நாம் அறிவோம். அதனை எதிர்த்து 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. அப்போராட்டங்களிலே தாமும் பங்குகொண்ட கே. டானியல், 1972ஆம் ஆண்டிலே ‘பஞ்சமர்’ நாவலை வெளியிட்டார். தாழ்த்தப்பட்ட மக்கள் அடியை வாங்கிக்கொண்டே இருப்போரல்லர், எழுந்து நிற்போர் என்று காட்டிய எழுத்து அவருடையது. குனிந்த முதுகுகளையே கதைகளிற் கண்டு இரங்கிப் பழகிய நமக்கு நிமிர்ந்த முதுகு முதலில் அச்சத்தைத் தருவது இயல்பே. அவ்வச்சத்தை அறவுணர்ச்சி என்று தவறாக எண்ணிவிடலாகாது.

கதையின் நீதிமன்றம்

கதைக்கும் வாழ்க்கைக்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. கதையிலே குற்றத்தை நாமே கண்ணாற் கண்டிருக்கிறோம். பிரபு காசு வீசியதை ஆசிரியர் நமக்குக் காட்டினார், ஐயத்துக்கு இடமில்லை. ஆகையால் தீர்ப்பு எளிதாகிறது. வாழ்க்கையிலே அத்தகைய சாட்சி நமக்குக் கிடைப்பதில்லை. வதந்தியும், பழம்பகையும், தவறான பெயரும் அங்கே சாட்சிக் கூண்டில் ஏறிவிடும். கதையிலே குற்றவாளியோடு நின்ற கத்தி, வாழ்க்கையிலே அடுத்த வீட்டுக்கும் செல்லும்.

ஆகையினால், இத்தகைய கதையைப் படிக்கும்போது நாம் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்வது நன்று. முதலாவது, வேறு கதவு ஏதேனும் திறந்திருந்ததா? இரண்டாவது, அடி உண்மையிலே எவர் மீது விழுந்தது? மூன்றாவது, அடித்த பின் அந்த ஏழையின் உலைப்பானையில் அரிசி இருந்ததா? இம்மூன்றையும் மறைத்து நம்மைக் கைதட்ட வைக்கும் கதை நம்மை ஏமாற்றுகிறது. இம்மூன்றையும் மறையாது சொல்லி, அதன் பின்னரும் அந்த ஏழையை வெறுக்கவிடாது செய்யும் கதையே உயர்ந்தது.

எரியும் குடிசையிலிருந்து பிள்ளையைக் காக்க ஓங்கிய கையை எந்த அறநூலும் பழிக்காது. பழிதீர்ப்பதற்கென்று அடுத்தவன் பிள்ளையின் மீது ஓங்கிய கையை எந்தத் துன்பமும் நியாயப்படுத்தாது. இவ்விரண்டுக்கும் இடையிலே கிடக்கும் நிலம் மிக ஒடுங்கியது. பசியால் கண் இருண்டவன் அதில் இடறுவது எளிது. அவனை இடறச்செய்த பசியை ஒழிக்கும் கடமை, வயிறு நிறைந்து கதை படிக்கும் நம்மைச் சார்ந்தது.

“அவன் கொன்றது சரியா?” என்று நம் பிள்ளைகள் கதையை மூடிவைத்துக் கேட்கும் நாள் வரும். “சரி” என்றோ “பிழை” என்றோ ஒரே சொல்லிலே விடையளித்து அனுப்பிவிட வேண்டாம். “அவனை அந்த இடத்திற்குக் கொண்டுவந்தது யார்?” என்று அவர்களிடமே திருப்பிக் கேட்போம். பிள்ளைகளின் சிந்தனை அவ்வினாவிலிருந்து தொடங்கட்டும்.