புகாரைப் படிக்கும் இயந்திரமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலை ஒன்றில் பத்தாண்டுகளாக மூட்டை தூக்கும் பட்டியல் சாதித் தொழிலாளியை, லாரி ஓட்டுநர்கள் பார்த்திருக்க, உரிமையாளர் சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பட எழுதிய அந்தப் புகாரைக் கணினி படித்து, வழக்கு நிற்குமா என்று சொல்ல வேண்டும்.

நரம்பியல் வலையமைப்பு பழைய தீர்ப்புகளைப் படித்துப் பழகுவது. கான்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2021இல் சுமார் 35,000 உச்ச நீதிமன்ற வழக்குகளைத் திரட்டி இதைச் சோதித்தனர். சிறந்த மாதிரி 78 விழுக்காடு முடிவுகளைச் சரியாகக் கணித்தது. சட்ட வல்லுநர்கள் 94. இந்த எண்களைவிட நம்மை உறுத்துவது வேறொன்று: முடிவுக்கு இயந்திரம் காட்டிய காரணங்கள் வல்லுநர்கள் காட்டியவற்றிலிருந்து பெரிதும் விலகியிருந்தன. வன்கொடுமை வழக்குகளில் தண்டனையைவிட விடுதலையே மிகுதி. அந்த வரலாற்றைப் பயின்ற இயந்திரம் ‘நிற்காது’ என்றால், பேசுவது சட்டமா, பழக்கமா?

குறியீட்டுத் தருக்கத்தின் வழி வேறு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கோவால்ஸ்கி உள்ளிட்டோர் 1986இல் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டத்தையே தருக்க நிரலாக எழுதிக் காட்டினர். நம் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(1)(எஸ்) பிரிவும் அவ்வாறு எழுதத்தக்கதே: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர், எதிரி அப்பிரிவினர் அல்லர், திட்டியது சாதிப் பெயரால், இடம் பொதுப் பார்வைக்கு உட்பட்டது. நான்கும் மெய்யானால் குற்றம். ஆனால் இந்நிரலுக்குக் கையெழுத்துப் புகாரைப் படிக்கத் தெரியாது.

இரண்டையும் இணைப்பதே நரம்பியல்-குறியீட்டு முறை. புகாரிலிருந்து நிகழ்வுகளை வலையமைப்பு பிரித்தெடுக்கும். முடிவை விதிகள் காணும். ‘அவர் சாதி எனக்குத் தெரியாது’ என்கிறார் உரிமையாளர். 2015 திருத்தம் சேர்த்த 8(சி) பிரிவின்படி, முன்பே அறிமுகம் உள்ளவருக்குச் சாதி தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். மறுத்து நிரூபிப்பது எதிரியின் சுமை. திருத்தத்துக்கு முந்தைய தீர்ப்புகளை மட்டும் பயின்ற வலையமைப்பு இதை அறியாது. தருக்க நிரலில் ஒரு விதியைச் சேர்த்தால் போதும்.

சிக்கல் ‘பொதுப் பார்வை’யில் இருக்கிறது. தனியார் இடமானாலும் பொதுமக்கள் காணக்கூடியதானால் பொருந்தும் என்றது ஸ்வரண் சிங் வழக்கு (2008). வெளியார் எவருமில்லாத நான்கு சுவர்களுக்குள் நடந்தது பொருந்தாது என்றது ஹிதேஷ் வர்மா வழக்கு (2020). ஓட்டுநர்கள் பொதுமக்களா, ஆலையின் ஆட்களா? இதை வலையமைப்பே முடிவு செய்தால் சாய்வு அங்கே புகுந்துகொள்ளும். ஆயினும் எந்த நிபந்தனையில் புகார் வீழ்ந்தது என்பது இப்போது கண்ணுக்குத் தெரிகிறது. அவ்விடத்தில் சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தி நாம் வாதாட முடியும்.

ஒன்றில் மட்டும் நமக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது 2018இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு. பதிவுக்கு முன்னே புகாரைச் சலிக்கும் இயந்திரம், எவ்வளவு நேர்த்தியாகக் காரணம் காட்டினாலும், அதே விசாரணையின் மறுபெயர்தான். சட்ட உதவி மையத்தில் நம் பக்கத்து வழக்கறிஞரின் மேசையில் அது இருக்கலாம். காவல் நிலைய வாசலில் இருக்கலாகாது.