திரையில் வந்த இந்தியர்

சண்டைக் காணொலி விளையாட்டில் ஒவ்வொரு வீரரும் கண்டவுடன் வேறுபட்டுத் தோன்ற வேண்டும். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டு, மறு ஆண்டே வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கும் வந்தது. நாம் தேர்ந்தெடுத்து ஆடத்தக்க வீரர் எண்மருள் தால்சிம் இந்தியர். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் தீ, பின்னணியில் யானைகள்! நீளும் கைகால்களால் தொலைவிலிருந்தே தாக்குவார். மனத்தை ஒடுக்கும் யோகக்கலை அங்கே போர்க்கலையாயிற்று.

இவ்வாறு ஒரு நாட்டையோ ஊரையோ சில குறிகளாகச் சுருக்குவது விளையாட்டில் மட்டுமன்று. நம் கோலார் தங்கவயலை 2018இல் வெளியான ‘கே.ஜி.எஃப்’ திரைப்படத்தால் மட்டும் அறிந்தோர் பலர். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின், நாள்தோறும் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் மக்களை அப்படத்தில் காண இயலாது.

சிந்தித்து எழுதுக: நம் ஊரை ஒரு விளையாட்டாக அமைத்தால், நீங்கள் எவற்றைக் காட்டுவீர்கள்?