பழம்புடவையும் ஒரு முழம் நூலும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் அநேகமாக எல்லார் வீட்டிலும் பரண்மேலோ கட்டிலுக்கு அடியிலோ ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதில் பாட்டியின் சுங்குடிப் புடவையோ தாத்தாவின் எட்டு முழ வேட்டியோ மடித்து வைத்திருப்பார்கள். உடுத்த முடியாதபடி நைந்துவிட்டது; எறியவும் மனம் வராது. கடைசியில் ஒருநாள், பழந்துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்மணி தெருவில் குரல் கொடுக்கும்போது, ஓர் எவர்சில்வர் கிண்ணத்துக்கு அவை போய்விடும். அந்தப் பெண்மணியின் பிழைப்பை நான் குறை சொல்லவில்லை. பெட்டியைக் காலி செய்யுமுன் இந்தக் கட்டுரையை ஒருமுறை படித்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நாம் குடியேறி வாழும் இந்த வங்காளத்தில், அப்படிப்பட்ட துணிக்கு இரண்டாவது ஆயுள் கொடுக்கும் அருமையான வழி ஒன்று உண்டு. ஊசி, நூல், பொறுமை இவை மூன்றும் போதும். ஏழு வயதுப் பிள்ளையும் செய்யலாம். எழுபதை நெருங்கும் என்னைப் போன்றவர்களும் செய்யலாம்.

கந்தையும் காந்தாவும்

நைந்த துணியை நாம் கந்தை என்கிறோம். பழந்துணிகளை அடுக்கித் தைத்த விரிப்பை வங்காளிகள் காந்தா என்கிறார்கள். இரண்டும் உறவுச் சொற்கள். நம் பேச்சில் கந்தை என்பது ஏழ்மையின் அடையாளமாக நின்றுவிட்டது. இங்கேயோ அது ஒரு கலையின் பெயராகிவிட்டது.

பிறந்த குழந்தைக்கு நம் வீடுகளில் புதுத்துணி போடமாட்டார்கள். பாட்டியின் பழம்புடவையில்தான் தூளி கட்டுவார்கள். வங்காளத்திலும் அதே வழக்கம்தான். ஆனால் அவர்கள் பழம்புடவையை மூன்று நான்கு அடுக்காக மடித்து, நெருக்கமாகத் தைத்து, குழந்தைக்கு விரிப்பாக்கிவிடுவார்கள். காரணமும் ஒன்றே. பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சி இருக்காது, முரடு இருக்காது, ஈரத்தை உடனே உறிஞ்சும்.

பயனைப் பொறுத்துக் காந்தாவுக்குப் பல பெயர்கள். குளிருக்குப் போர்த்துவது லேப். விசேஷ நாட்களில் விரிப்பது சுஜனி. புத்தகமும் விலையுயர்ந்த பொருளும் சுற்றிவைக்கும் மூன்றடிச் சதுரம் பேட்டன். தலையணைக்கு ஓர், கண்ணாடி, சீப்பு வைக்க ஆர்ஷிலதா, கைக்குட்டை அளவில் ருமால். முன்பெல்லாம் நூலையும் விலைகொடுத்து வாங்கவில்லை. புடவைக் கரையிலிருந்து சிவப்பு, கறுப்பு, நீல இழைகளை உருவி எடுத்து, அவற்றைக்கொண்டே நடுவில் தாமரையும் நான்கு மூலைகளில் மாங்காயும் தைத்தார்கள்.

இப்போது கடைகளில் "காந்தா ஸ்டிச்" என்று விற்கும் டஸ்ஸர் புடவைகள் வேறு. அவை புதிய பட்டில் ஒற்றை அடுக்கில் செய்யும் பூவேலை. போல்பூர், சாந்திநிகேதன் பக்கத்துப் பெண்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்வது. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்கு 2008-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாம் இங்கே பேசுவது அதன் தாயான பழந்துணிக் காந்தாவைப் பற்றி.

குருசதய் தத் (1882–1941) என்ற ஐ.சி.எஸ். அதிகாரி கிராமம் கிராமமாகச் சென்று இவற்றைச் சேகரித்தார். ஜோகாவில் அவர் பெயரில் அமைந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், 19-ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி தாசி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா ஒன்று இருக்கிறது. அதில் அவர் தன் பெயரையும், தந்தைக்குச் செய்தது என்ற செய்தியையும் தையலிலேயே எழுதிவைத்திருக்கிறார். கையெழுத்திட்ட போர்வை! இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் நமக்குத் தேவைப்படும்.

நைந்த துணி எப்படி உறுதியாகிறது?

ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் எதையும் அதன் பலம் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கத் தோன்றும். ஒற்றைப் பழம்புடவையை இரு கையால் இழுத்தால் கிழிந்துவிடும். அதையே மூன்றடுக்காக வைத்துத் தைத்தால் பத்து வருடம் உழைக்கும். ஒவ்வொரு தையலும் இழுவிசையை மூன்று அடுக்குக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. ஓர் அடுக்கில் ஓட்டை இருந்தாலும் பக்கத்துத் தையல்கள் தாங்கிக்கொள்கின்றன.

1943-இல் திறந்த ஹவுரா பாலத்தைப் பாருங்கள். நட்டு, போல்ட்டு இல்லாமல் ரிவெட் அடித்தே தகடுகளைச் சேர்த்திருக்கிறார்கள். ரிவெட்டுகள் மிகவும் நெருங்கினால் தகடு பலமிழக்கும். மிகவும் விலகினால் தகடுகளுக்கு இடையே இடைவெளி விழும். காந்தாவுக்கும் அதே விதிதான். நைந்த துணியில் பொடித் தையலை நெருக்கிப் போட்டால் துணி சல்லடையாகும். தையல் தூரமாக இருந்தால் அடுக்குகள் நழுவும். தொடக்கக்காரர்களுக்கு 4 மில்லிமீட்டர் தையல், 4 மில்லிமீட்டர் இடைவெளி, வரிசைக்கு வரிசை 1 சென்டிமீட்டர் என்பது சரியான அளவு. சிறிதாக இருப்பதைவிடச் சீராக இருப்பது முக்கியம்.

"தையல் பெண்கள் வேலை" என்று ஒதுங்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. ரயில்வே கேரேஜ் ஒர்க்‌ஷாப்பில் டிரிம்மிங் ஷாப் என்று ஒரு பிரிவு உண்டு. வண்டி இருக்கைகளுக்கு ரெக்ஸின் உறை வெட்டித் தைப்பது அங்கேதான். நான் பார்த்த நாளில் அங்கே தைத்தவர்கள் எல்லாரும் ஆண்களே. ஆகவே பேரன்களையும் உட்காரவையுங்கள்.

முதல் பாடம்: கரித்துணி

சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணியிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. கோணல் மாணலாக வந்தாலும் அடுப்படியில் அது தினமும் உபயோகப்படும். தன் கையால் செய்த பொருள் வீட்டில் பயன்படுவதைப் பார்த்தால் பிள்ளைக்கு அடுத்த வேலையில் ஆர்வம் தானாக வரும்.

1. பழைய வேட்டியிலோ கட்டம் போட்ட லுங்கியிலோ 22 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டு வெட்டுங்கள். பழைய டர்க்கி டவலில் 20 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு. எல்லாம் சுத்தப் பருத்தியாக இருக்கவேண்டும். பாலியஸ்டர் துணியோ நூலோ சூட்டில் உருகும்.

2. மேல் துண்டு, கீழ்த் துண்டு இரண்டின் ஓரத்தையும் நாலு பக்கமும் 1 செ.மீ. உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள். நடுவில் டவலை வைத்து மூடுங்கள்.

3. நடுவில் ஆரம்பித்து ஓரத்தை நோக்கி நீளமான கச்சாத் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சுருக்கம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும்.

4. கட்டத்தின் கோடுகளே வழிகாட்டி. அதன்மேல் சாதாரண ஓட்டுத் தையல், மேலே ஒன்று கீழே ஒன்றாக. பெரியவர்கள் ஊசியில் மூன்று நான்கு தையலை ஒன்றாக ஏற்றலாம். பிள்ளைகள் ஒவ்வொன்றாக இழுக்கட்டும்.

5. நாலு ஓரத்தையும் தைத்து மூடி, கச்சாத் தையலைப் பிரித்துவிடுங்கள்.

இரண்டாம் பாடம்: வாசல் இல்லாத வீட்டுக்கு ஒரு கோலம்

மூன்றாவது மாடி ஃபிளாட்டில் கோலம் போட வாசல் ஏது? லிஃப்டுக்குப் போகும் நடைபாதையில் போட்டால் காலை எட்டு மணிக்குள் துடைத்துவிடுவார்கள். அதைத் துணியில் போடலாம்.

45 செ.மீ. சதுரத்தில் இரண்டடுக்கு வெள்ளை வேட்டித் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேல் வைத்து 6 செ.மீ. இடைவெளியில் வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைப் புள்ளி, மெல்லிய பென்சிலால் வையுங்கள். பாட்டியோ அம்மாவோ புள்ளிகளைச் சுற்றிக் கோலத்தை வரைந்து கொடுக்கட்டும். பிள்ளை அந்தக் கோட்டின்மேல் சிவப்பு நூலை ஓட்டட்டும். சிக்குக் கோலத்தில் ஒரு கோடு இன்னொன்றைக் கடக்கும் இடத்தில் ஒரு நூலின் தையலும் மற்றதன் இடைவெளியும் வருமாறு பார்த்துக்கொண்டால் முடிச்சுப் போல மேடு தட்டாது. கோலம் முடிந்ததும், அதன் வளைவை ஒட்டியே வெள்ளை நூலால் சுற்றிச் சுற்றித் தைத்து நிரப்புங்கள். துணியில் நீர்வளையம் போன்ற மெல்லிய சுருக்கம் எழும். காந்தாவின் அழகே அந்தச் சுருக்கம்தான். இதில் பாட்டுப் புத்தகத்தைச் சுற்றிவைக்கலாம். சுருதிப் பெட்டிக்கு மேல் போடலாம்.

மூன்றாம் பாடம்: குழந்தைப் போர்வை

என் தாயார் காலமான பிறகு அவருடைய சுங்குடிப் புடவைகள் நான்கு வருடங்கள் பெட்டியிலேயே கிடந்தன. எங்கள் கட்டடத்தில் வசிக்கும் வங்காளி மாசிமா ஒருவர் ஒருநாள் அவற்றைத் தொட்டுப் பார்த்து, காந்தாவுக்கு இதைவிட நல்ல துணி கிடைக்காது என்றார். வெட்டத்தான் மனம் வரவில்லை. கத்தரிக்கோலை என் மனைவி எடுத்தாள், நான் துணியைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் போர்வையில் இன்று என் இரண்டாவது பேத்தி உறங்குகிறாள். அவள் தன் கொள்ளுப்பாட்டியைப் பார்த்ததில்லை.

கணக்கு இது. ஐந்தரை மீட்டர்ப் புடவையில் 90 செ.மீ. நீளத்தில் ஆறு துண்டுகள் வரும். மூன்று மூன்றாக அடுக்கினால் இரண்டு போர்வை. நைந்த துண்டை நடுவில் வையுங்கள். ஓரம் மடித்தபின் அகலம் சுமார் 110 செ.மீ. இருக்கும். 1 செ.மீ.க்கு ஒரு வரிசை என்றால் 109 வரிசை. நூல் ஏறக்குறைய 98 மீட்டர், ஏற்ற இறக்கமும் முடிச்சும் சேர்த்து 120 மீட்டர். ஆறு இழையுள்ள எம்பிராய்டரி நூல் கண்டு ஒன்று 8 மீட்டர். இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் கிடைக்கும். எனவே ஒரு போர்வைக்கு ஐந்து கண்டு போதும். தினம் நாலு வரிசை தைத்தால் 28 நாள். பூஜா விடுமுறையில் தொடங்கினால் குளிர் வருமுன் முடிந்துவிடும்.

சில உபயோகமான குறிப்புகள்

* நூலின் நீளம் ஒரு முழம். பிள்ளைகள் நீள நூலை விரும்புவார்கள். அது முறுக்கிக்கொண்டு சிக்காகும். முறுக்கினால் ஊசியைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், தானே பிரிந்துகொள்ளும்.

* கை ஊசியில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். பிள்ளைகளுக்குக் கண் பெரிதான எம்பிராய்டரி ஊசி கொடுங்கள். நூல் முனையைச் சாய்வாக வெட்டினால் எளிதாகக் கோக்கலாம்.

* முடிச்சை அடுக்குகளுக்கு நடுவே ஒளித்துவிடுங்கள். குழந்தையின் தோலில் முடிச்சு உறுத்தக்கூடாது.

* பத்துத் தையலுக்கு ஒருமுறை கட்டைவிரலால் துணியை நீவிவிடுங்கள். நூலை இழுத்துக் கட்டக்கூடாது. துணி தட்டையாகப் படுக்கும் அளவுக்குத்தான் இறுக்கம்.

* சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம்.

* இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றாதீர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து தைக்கச் சொன்னால் போதும்.

* வேலை தொடங்கும்போது எத்தனை ஊசி, முடியும்போது எத்தனை ஊசி என்று எண்ணுங்கள். ஒர்க்‌ஷாப்பில் கருவிகளை எண்ணி வைப்பது போலத்தான். ஒன்று குறைந்தால், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் தரையில் ஓட்டினால் அகப்பட்டுவிடும்.

மற்ற ஊர்களில்

வேறு மாநிலத்திலிருந்து இந்த மலரைப் படிக்கும் அன்பர்கள் தங்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். மராட்டியத்தில் இதுவே கோதடி. பீகாரில் சுஜனி. வட கர்நாடகத்துக் காட்டோர ஊர்களில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி மக்கள் கவந்தி என்ற ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும் அந்த முறையில், நான்கு மூலையிலும் துணிப்பூ வைத்தால்தான் போர்வை முழுமையானதாகக் கருதுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஊசியோடு போய் உட்கார்ந்தால் மொழி ஒரு தடையே இல்லை. இத்தனை வருடம் "கேமோன் ஆச்சேன்" என்பதோடு நின்றுவிட்ட பழக்கம் ஒரு மதியத்தில் வளர்ந்துவிடும்.

கடைசி வேலை

போர்வை முடிந்ததும், மானதாசுந்தரி செய்தது போல ஒரு மூலையில் பெயரும் வருடமும் தைக்கவேண்டும். யாருடைய புடவை, யார் தைத்தது, யாருக்கு என்ற மூன்றும் தமிழ் எழுத்தில். நம் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசினாலும் எழுதத் தெரியாதவர்கள் என்பது நமக்குள் தெரிந்த விஷயம். "பாட்டி" என்பதில் மூன்று எழுத்துத்தான். பென்சிலால் எழுதிக் கொடுங்கள். அதன்மேல் அவர்கள் நூலை ஓட்டட்டும். அரை மணி நேரம் விரலால் தடவித் தடவித் தைத்த எழுத்து மறக்காது.

வரும் பொங்கல் விழாவில் பிள்ளைகளின் காந்தாக்களைப் பார்வைக்கு வைக்க ஒரு மேஜை ஒதுக்கித் தரும்படி நம் செயலாளரைக் கேட்டிருக்கிறேன். கரித்துணியானாலும் சரி, கொண்டுவாருங்கள்.