மூத்த பூனையும் டிசம்பர் டிக்கெட்டும்

பூனையின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. நமக்கு அது பத்து லட்சம். இரத்தத்தை வடிகட்டும் இந்த நுண்ணிய குழாய்கள் அழிந்தால் திரும்ப முளைப்பதில்லை. ஆனாலும் மூன்றில் இரண்டு பங்கு போகும்வரை பூனை எதையும் காட்டிக்கொள்ளாது. சாப்பிடும், ஜன்னலோரம் படுக்கும், வேலை முடிந்து வந்தால் காலை உரசும். அதற்குப் பிறகுதான் தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியாகத் தொடங்கும், மணல் பெட்டியில் ஈரக்கட்டிகள் பெரிதாகும், முதுகெலும்பு கையில் தட்டுப்படும்.

நான் வசிக்கும் ஜெர்மனியில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான வீட்டுப் பூனைகள் உண்டு. நாய் வைத்திருந்தால் நகராட்சிக்கு வரி கட்ட வேண்டும்; பூனைக்கு வரி கிடையாது. வாடகை ஒப்பந்தத்தில் 'நாய், பூனை கூடாது' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் செல்லாது என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2013 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது. அதனால் வேலைக்காக இங்கே வந்து தங்கிவிட்ட நம்மவர்களுக்குப் பூனை எளிதாக அமைந்துவிடுகிறது. கஷ்டம் பூனைக்கு வயதாகும்போதுதான் தொடங்குகிறது.

கணக்கு இப்படி: பூனையின் முதல் இரண்டு ஆண்டுகள் மனிதரின் 24 ஆண்டுகளுக்குச் சமம், அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் நான்கு. ஆகவே 15 வயதுப் பூனை 76 வயதுப் பாட்டி. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகள் இந்த வயதை எட்டுவது இன்று அதிசயமில்லை.

சிறுநீரகம் ஏன் முதலில் தளர்கிறது? வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வறண்ட நிலத்தில், இரையின் உடலிலிருந்த நீரைக் கொண்டே பிழைத்த பிராணி. அதன் வாரிசுக்கும் தாகம் குறைவு. எலியின் உடம்பில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர். நாம் கொட்டும் உலர் தீவனத்தில் 10 சதவீதம். ஜப்பானிய ஆய்வாளர் தோரு மியாசாகி 2016-இல் இன்னொரு காரணத்தை முன்வைத்தார். பாலூட்டிகளின் இரத்தத்தில் ஏஐஎம் என்றொரு புரதம் இருக்கிறது. சிறுநீரகக் குழாய்களில் இறந்த செல்கள் அடைத்துக்கொண்டால், அது தன்னைச் சுமந்து திரியும் பெரிய எதிர்ப்புரதத்தை விட்டுக் கழன்று, சிறுநீரில் இறங்கி, 'இது குப்பை, அள்ளுங்கள்' என்று அடையாளம் வைக்கும். பூனைக்கும் இந்தப் புரதம் இருக்கிறது. ஆனால் எதிர்ப்புரதத்தோடு இறுகப் பிணைந்திருப்பதால் கழல்வதில்லை. குப்பை அப்படியே தங்கிவிடுகிறது. இவருடைய மருந்து ஆய்வு பணமின்றித் தடைபட்ட செய்தி 2021-இல் வெளியானதும், ஜப்பானியப் பூனைப் பிரியர்கள் கேட்காமலே நன்கொடை அனுப்பிக் குவித்தார்கள்.

அடுத்த எதிரி தைராய்டு. இது மிகையாகச் சுரந்தால் பூனை அள்ளி அள்ளித் தின்னும், ஆனாலும் இளைக்கும். "நல்லாத்தான் சாப்பிடுது" என்று வீட்டில் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். இரத்த அழுத்தம் ஏறினால் விழித்திரை பிரிந்து ஒரே இரவில் பார்வை போய்விடலாம். மூட்டுத் தேய்மானமோ ஏறக்குறைய எல்லாக் கிழட்டுப் பூனைகளுக்கும் உண்டு: 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை அமெரிக்காவில் பார்த்தபோது 90-இல் அது தெரிந்தது, முடிவு 2002-இல் வெளியானது. பூனை நொண்டாது. ஜன்னல் திண்டுக்குத் தாவுவதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். நாம் அதைச் சோம்பல் என்போம். ஐரோப்பாவில் 2021 முதல் இதற்கு மாதம் ஒரு ஊசி இருக்கிறது. அதோடு மணல் பெட்டியின் விளிம்பைத் தாழ்வாக்கிவிட்டாலே பாதிக் கஷ்டம் தீரும்.

இவற்றில் சிலவற்றை முன்கூட்டிச் சொல்லும் கருவி நம்மவர் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஊருக்குப் போகும்போது 23 கிலோ தாண்டுகிறதா என்று பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்க்கும் தராசுதான். கூடையோடு பூனையைத் தூக்கிப் பார்த்து, கூடையின் எடையைக் கழித்து, மாதம் ஒருமுறை நாட்காட்டியில் எழுதுங்கள். நான்கு கிலோ பூனை 400 கிராம் குறைந்தால், 70 கிலோ மனிதர் ஏழு கிலோ இழந்தது போல.

கால்நடை மருத்துவரின் கட்டணத்தை இங்கே அரசு ஆணைதான் நிர்ணயிக்கிறது. 2022 நவம்பரில் அதை உயர்த்தினார்கள். ஆலோசனையுடன் கூடிய பொதுப் பரிசோதனைக்கு அடிப்படைத் தொகை 23.62 யூரோ. மருத்துவர் மூன்று மடங்குவரை கேட்கலாம். இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ அவசரமாக ஓடினால் நான்கு மடங்குவரை, அதற்கு மேல் 50 யூரோ தனி. ஞாயிறு இரவில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, ஆண்டுக்கு இருமுறை வேலைநாளில் இரத்தமும் சிறுநீரும் பார்த்துவிடுவது பணத்துக்கும் நல்லது, பூனைக்கும் நல்லது. சிறுநீரக நோய் முற்றிய பூனைக்குத் தோலுக்கடியில் சலைன் ஏற்றுவதை வீட்டிலேயே செய்யச் சொல்லித் தருகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த மருந்துப் பெட்டிக்குத்தான். பூனையின் கல்லீரலால் பாராசிட்டமாலைச் சரியாகச் சிதைக்க முடியாது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை உயிரை எடுக்கப் போதும். வெங்காயமும் பூண்டும் அதன் சிவப்பணுக்களை உடைக்கும், ஆகவே சாம்பார் சோறும் குழம்பு மீனும் வேண்டாம். பூங்கொத்தில் வரும் லில்லி இன்னும் மோசம்: உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கலாம்.

இனி ஊர்ப் பயணம். மூத்த பூனையை விமானத்தில் இழுத்தடிப்பதைவிட, அதன் சொந்த வீட்டிலேயே விட்டுவிட்டு, தினம் இருவேளை வந்து போகும் ஒருவரை அமர்த்துவதுதான் சரி என்பது என் கட்சி. வருபவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கலாம். தட்டு தொடாமல் கிடந்தால் நம் தொலைபேசிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

சிலருக்கு வேறு வழியிருக்காது. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, ஆறு மாதம் ஊரில் இருந்தாக வேண்டும், பூனையும் கூட வரும். அப்போது திரும்பி வரும் வழியை முதலில் யோசியுங்கள். ரேபிஸ் விஷயத்தில் இந்தியா ஐரோப்பிய ஒன்றியத்தின் நம்பகப் பட்டியலில் இல்லை. மைக்ரோசிப், தடுப்பூசி, தடுப்பூசிக்கு 30 நாள் கழித்து எடுத்த இரத்தத்தில் மில்லிலிட்டருக்குக் குறைந்தது 0.5 அலகு எதிர்ப்புரதம், இத்தனையும் வேண்டும். இரத்தத்தை இந்தியாவில் எடுத்தால் மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவிலேயே எடுத்து, நல்ல முடிவைப் பூனையின் பாஸ்போர்ட்டில் பதிந்துகொண்டு கிளம்பியிருந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. தடுப்பூசியைத் தவணை தவறாமல் போட்டுவந்தால் அந்த ஒரு பரிசோதனை ஆயுள் முழுக்கச் செல்லும்.

ஆகவே, பூனை இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பரிசோதனையைச் செய்து வையுங்கள். டிசம்பர் டிக்கெட் போட்ட பிறகு ஆரம்பித்தால் நாள் போதாது.