ரௌட்டரை மாற்றுவதா, அது இருக்கும் இடத்தை மாற்றுவதா?

சிங்கப்பூரில் வீட்டு இணைய ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கானது. அது முடியும் தறுவாயில் நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும்: ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் புது ரௌட்டர் இலவசம். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டு அப்படியே சிம் லிம் ஸ்குவேர் வரை நடந்தால் அங்குள்ள மின்னணுக் கடைகளில் வேறு பேச்சு. நிறுவனம் தரும் பெட்டி எதற்கும் உதவாது, எட்டுக் கொம்பு முளைத்த இந்தக் கறுப்புப் பெட்டியை வாங்குங்கள் என்பார்கள். விலை பல நூறு வெள்ளி. வீட்டில் இப்போது இருக்கும் பெட்டி எந்த மூலையில் கிடக்கிறது என்று மட்டும் இரு தரப்பும் கேட்பதில்லை.

இணையம் வீட்டுக்குள் வரும் வழியைச் சுவரிலிருந்தே பார்த்துக்கொண்டு வரலாம். நாடு முழுவதுக்குமான கண்ணாடியிழைக் கட்டமைப்பில் 2010இல் சேவை தொடங்கியது. அன்று ஓப்பன்நெட் நிறுவனம் போட்ட இழைகள் இன்று நெட்லிங்க் நிறுவனத்தின் வசம் உள்ளன. மாதக் கட்டணம் சிங்டெல்லுக்குப் போனாலும் ஸ்டார்ஹப்புக்குப் போனாலும், பெரும்பாலான வீடுகளில் சுவருக்குள் வரும் இழை இதுதான். அது ஒரு சின்ன வெள்ளை முனைப்பெட்டியில் முடிகிறது. அங்கிருந்து ஓஎன்டி என்ற கருவிக்குப் போகிறது. இழையில் ஒளியாக வரும் தகவலை மின்குறிப்பாக மாற்றுவது இதன் வேலை. இது நிறுவனத்தின் சொத்து. நாம் மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. அதற்கு அடுத்து இருப்பதுதான் ரௌட்டர். சில இணைப்புகளில் இரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கித் தருகிறார்கள். அப்படியானால் அதைக் கழற்றக் கூடாது. அதற்குப் பின்னால் நம் ரௌட்டரைப் பொருத்தி, முன்னதன் ரௌட்டர் வேலையை மட்டும் நிறுத்திவைக்கும்படி நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

ரௌட்டர் ஒரே கருவிபோலத் தெரிந்தாலும் உள்ளே பல கருவிகள் குடியிருக்கின்றன. முதலாவது, முகவரி பிரிப்பது. வீட்டில் கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, மணியடித்தால் முகம் காட்டும் கேமரா என்று இருபது கருவிகள் இருக்கலாம். வெளியுலகுக்குத் தெரிவது பெரும்பாலும் ஒரே முகவரி. வீவக அடுக்குமாடியின் புளோக் எண் மட்டும் எழுதி வரும் கடிதத்தை, எந்த வீட்டுக்கு என்று தன் குறிப்பேட்டைப் பார்த்துப் போடும் ஆள்போல ரௌட்டர் செயல்படுகிறது. இரண்டாவது, காவல். உள்ளிருந்து யாரும் கேட்காத தகவல் தானாக வந்து கதவைத் தட்டினால் அதை நிறுத்திவிடும். மூன்றாவது வானொலி. வைஃபை என்பது இந்த மூன்றாவது வேலை மட்டுமே. நெட் ஸ்லோ என்று வீட்டில் எழும் புகாரில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

இந்த வானொலி பேசும் அலைவரிசைகள் முக்கியமாக இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைச் சற்று எளிதாகத் தாண்டும். ஆனால் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தக்கூடிய தடங்கள் அதில் மூன்றுதான். மேலும் கீழும் பக்கவாட்டிலும் வீடுகள் நெருங்கி நிற்கும் அடுக்குமாடியில் எல்லாரும் அந்த மூன்றையே பங்குபோட வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் அதிகம். ஆனால் கான்கிரீட் என்றால் அதற்குப் பயம்.

சிங்கப்பூரில் கான்கிரீட்டுக்குப் பஞ்சமே இல்லை. 1997ஆம் ஆண்டின் குடிமைத் தற்காப்புப் பதுங்கிடச் சட்டத்துக்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகளுக்குள் பெரும்பாலும் ஒரு பதுங்கிடம் உண்டு. நாம் பாம் ஷெல்ட்டர் என்கிற அறை. கம்பி நெருக்கமாகக் கட்டிய தடித்த சுவர், எஃகுக் கதவு. போர் வரவில்லை என்பதால் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் தீபாவளி விளக்குச் சரமும் அங்கே குடியேறிவிட்டன. சிலர் ரௌட்டரையும் அதற்குள் வைத்துவிடுகிறார்கள். குண்டின் தாக்கத்தைத் தடுக்கக் கட்டிய அறைக்குள் வானொலியை வைத்துப் பூட்டிவிட்டு, கடைசிப் படுக்கையறையில் வீடியோ நின்று நின்று ஓடுகிறதே என்று அலுத்துக்கொண்டால் அது பெட்டியின் குற்றமா? பதுங்கிடத்துக்கு வெளியே இருந்தாலும், அதன் சுவர் ரௌட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவே வந்தால் பாதிப்பு அதேதான். அந்தச் சுவரை இடிக்கச் சட்டம் இடம் தராது. ரௌட்டர்தான் நகர வேண்டும்.

லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் சிக்கல் வேறு மாதிரி. முன்புறம் ஐந்தடிப் பாதை, அகலம் குறுகல், நீளம் மட்டும் பின் சந்துவரை. முன்னால் கல்லாப்பெட்டி அருகே ரௌட்டர் இருக்கும். பின்கட்டுச் சமையற்கூடத்துக்கும் மாடிக்கும் இடையே செங்கற்சுவர்கள் வரிசைகட்டி நிற்கும். இத்தகைய கட்டடத்துக்கு எவ்வளவு விலையுயர்ந்த ஒற்றைப் பெட்டியும் போதாது. பின்கட்டுவரை ஒரு கேபிளை இழுத்து அங்கே இரண்டாவது வானொலியை வைப்பதே வழி. வீவக வீட்டிலும் தொலைக்காட்சிக்குப் பின்னால், தச்சர் அழகாக அடித்துத் தந்த அலமாரிக்குள் ரௌட்டரை ஒளிப்பவர்கள் உண்டு. அழகுக்குக் கொடுக்கும் விலை அது.

ஆகவே பணம் செலவழிக்குமுன் ஒரு சோதனை. மடிக்கணினியை கேபிள் வழியே ரௌட்டரில் நேராகச் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் திட்டத்தில் சுமார் 940 எம்பிபிஎஸ் வந்தால் இழையிலும் நிறுவனத்திலும் குறையில்லை. பிறகு ரௌட்டருக்குப் பக்கத்திலேயே நின்று வைஃபையில் அளக்க வேண்டும். அடுத்து, புகார் வரும் அறையில். கேபிளிலேயே குறைந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டு நிறுவனத்தை அழைக்கலாம். பக்கத்தில் நன்றாக இருந்து அறையில் விழுந்தால் சுவரும் இடமும் காரணம். கேபிளில் நன்றாக வந்து, பக்கத்தில் நிற்கும்போதே படுத்துவிட்டால் மட்டுமே பெட்டியின் வானொலியைச் சந்தேகிக்கலாம். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ்தான். அறையில் 200 வருகிறது, 900 வரவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களை நம்பி வாங்குவதும் வீண். ஏஎக்ஸ்3000 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 574 எம்பிபிஎஸ், 5 கிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ், இரண்டையும் கூட்டி உருண்டையாக்கிய கணக்கு. உங்கள் கைப்பேசி ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒன்றைத்தான் பிடிக்கும். வைஃபை 7 பெட்டிகளின் விளம்பர வேகமோ 6 கிகாஹெர்ட்ஸில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலத் தடத்தை வைத்துப் போடப்படுகிறது. அமெரிக்கா 2020இல் அந்த அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. சிங்கப்பூரில் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023இல் ஒதுக்கியது 500. அதற்குள் அவ்வளவு அகலத் தடம் ஒன்றுதான் அடங்கும்.

ஆனால், வேகம் குறையாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் தூக்கிப்போட வேண்டிய ரௌட்டர் ஒன்று உண்டு: தயாரிப்பாளர் மென்பொருள் மேம்பாட்டை நிறுத்திவிட்ட ரௌட்டர். 2016 அக்டோபர் 22, 24 தேதிகளில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்களின் இணையம் முடங்கியது. இணையத்தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் அந்நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்கள்மீது தகவல் மழை கொட்டியது. கொட்டியவை வாடிக்கையாளர்கள் தாங்களே வாங்கி வைத்திருந்த, தீநிரல் புகுந்த கருவிகள் என்று நிறுவனம் அறிவித்தது. வீட்டுக்காரருக்கு அது தெரியவே தெரியாது. நிறுவனம் தரும் பெட்டி என்றால் பயமில்லை என்றும் சொல்ல முடியாது. அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேர் இணைப்பின்றித் தவித்தார்கள். ரௌட்டர்களைத் தொலைவிலிருந்து பராமரிக்கும் வழியைக் குறிவைத்து வந்த தாக்குதல் அது. இருந்தாலும் மேம்பாடுகளைத் தானே தேடிப் பதிக்கும் பொறுமை இல்லாதவருக்கு, நிறுவனம் கவனித்துக்கொள்ளும் பெட்டியே பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

2021 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூரில் விற்கப்படும் வைஃபை ரௌட்டர்கள் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் இருக்கக் கூடாது, மென்பொருள் மேம்பாடு கிடைக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. இணையப் பாதுகாப்பு அமைப்பின் முத்திரையில் நான்கு நிலைகள் உண்டு. கடையில் கொம்பை எண்ணுவதைவிட அந்த முத்திரையைப் பார்ப்பது மேல். இந்த விதிகளுக்கு முந்திய பெட்டி வீட்டில் இருந்தால், தயாரிப்பாளரின் தளத்தில் கடைசி மேம்பாடு எப்போது வந்தது என்று பாருங்கள். ஆண்டுகள் கடந்திருந்தால் மாற்றிவிடலாம்.

மாற்றுவது என்று முடிவானால் இரண்டு எச்சரிக்கைகள். தொலைக்காட்சியும் வீட்டுத் தொலைபேசியும் அதே இழையில் வந்தால் அவை தனித்தனித் தட எண்ணில் (விலேன் எண்; வைஃபை தடம் அல்ல) வரலாம். சிங்டெல் இணைப்பில் இணையத்துக்கு 10, தொலைக்காட்சிக்கு 20. இதை அமைக்கத் தெரியாத ரௌட்டரை மாட்டினால் படம் வராது. கூடவே, 10 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாறுகிறவர்கள் கேபிள் துளைகளின் வேகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகக் கட்டமைப்பை மேம்படுத்த அரசு 2024இல் 100 மில்லியன் வெள்ளிவரை ஒதுக்கியது உண்மை. ஆனால் ஒரே ஒரு துளைதான் 10, மற்றவை 1 அல்லது 2.5 என்று இருக்கும் பெட்டிகள் ஏராளம்.

தூர அறைக்கு மட்டும்தான் குறை என்றால், ஒன்றோடொன்று இணைந்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் பெட்டிகள் போதும். புதிய பிடிஓ வீடுகளில் அறைச்சுவரில் இருக்கும் டேட்டா பாயின்ட் வழியே அவற்றை இணைத்தால் பலன் பல மடங்கு. மேம்பாடு இன்னும் கிடைக்கும் பழைய ரௌட்டரையே இரண்டாவது வானொலியாக அமைத்துக்கொள்ளலாம், காசு மிச்சம். அதற்கும் தகுதியற்றதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தின் சேகரிப்புத் தொட்டியில் சேருங்கள். போடுமுன் பின்புறத் துளைக்குள் ஊசியை விட்டு, விளக்குகள் அணைந்து எரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் வைஃபை கடவுச்சொல் அதுவரை அதற்குள்தான் இருக்கும்.