தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையின் வேகம்

இருபத்திரண்டு வயது மகன் பைக்கைக் கண்மண் தெரியாமல் ஓட்டினால் அவனைத் தடுக்கப் பெற்றோருக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. 18 வயது நிறைந்து லைசென்ஸ் வாங்கிவிட்டால் ஓட்டுவதும் அவன் பாடு, அதற்கான தண்டனையும் அவன் பாடு. ஆனால் வண்டி அப்பா பெயரில் இருக்கும். மாதத் தவணைக்கு அம்மா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். கை கால் முறிந்தால் செலவு வீட்டுக்குத்தான் வரும். அதிகாரம் போயும் பொறுப்பு போகாத இந்த நிலையில்தான் வளர்ந்த பிள்ளையோடு வேகத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் அது பேச்சாக நடப்பதே இல்லை. ஒரு நாள் இரவு கூச்சலாக வெடிக்கும், கதவு அறைந்து சாத்தப்படும், மறுநாள் காலை வண்டி அதே வேகத்தில் கிளம்பும்.

காஞ்சிபுரம் மாவட்டத்துப் படப்பையில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு தனி வடிவம் உண்டு. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருக்கும் இந்த ஊருக்கு மேற்கே ஒரகடம். சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை அங்கே குறுக்கிடுகிறது. ரெனோ, டெய்ம்லர் லாரி, அப்போலோ டயர், ராயல் என்ஃபீல்டு ஆகிய ஆலைகள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இயங்குகின்றன. வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில்தான் இருக்கிறது. புதிய வண்டியின் பிரேக்கை அளந்து பார்க்கும் ஊருக்குப் பக்கத்திலேயே, அதைப் பிடிக்க மனமில்லாத பையன்களும் இருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் ஊழியருக்குப் பஸ் விடுகின்றன. சிறிய உதிரிபாகக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களும் கான்ட்ராக்ட் ஆட்களும் பெரும்பாலும் சொந்த பைக்கை நம்பியிருக்கிறார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கன்டெய்னர் லாரி, கார் ஏற்றிச் செல்லும் டிரெய்லர், கம்பெனி பஸ் எல்லாம் நிறைந்த சாலையில் இவர்களும் பஞ்ச் நேரத்தைப் பிடிக்க விரைகிறார்கள்.

வெளி மாவட்டங்களிலிருந்து வந்து நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களின் பெற்றோர் மகன் ஓட்டுவதைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. கூடவே இருக்கும் பெற்றோரின் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். அம்மா பின்சீட்டில் உட்கார்ந்தால் எந்தப் பையனும் நாற்பதைத் தாண்டுவதில்லை. அதனால் பெற்றோருக்குத் தெரிவதெல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும், கேட்டால் முதல் பதில், “யார் சொன்னது?” அக்கம்பக்கத்தார் சொன்னதை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் சொன்னவர் நல்லவரா கெட்டவரா என்பதிலேயே அது முடிந்துவிடும். அதைவிட வண்டியையே பார்க்கலாம். உரசித் தேய்ந்த ஃபுட்ரெஸ்ட், உடைந்த இன்டிகேட்டர், கழற்றப்பட்ட கண்ணாடி, மாற்றப்பட்ட சைலென்சர் ஆகியவற்றைப் பார்த்தாலே ஓட்டும் விதம் பாதி புரியும். இ-சலான் மெசேஜ் ஆர்.சி.யில் பதிவான போன் எண்ணுக்குத்தான் வரும். வண்டி அப்பா பெயரில் இருந்தால் இடமும் நேரமும் குற்றமும் அவர் போனிலேயே இருக்கும்.

அந்த நேரத்தைக் கவனிப்பது முக்கியம், ஏனென்றால் எல்லா வேகமும் ஒன்றல்ல. வீலிங் செய்து வீடியோ எடுப்பது ஒன்று; குடித்துவிட்டு ஓட்டுவது இன்னொன்று. போனைப் பார்த்தபடி ஓட்டுவதும், சுற்றிப் போகச் சோம்பல்பட்டு ராங் சைடில் வருவதும் வேறு வேறு பழக்கங்கள். தொழிற்சாலைப் பகுதியில் தூக்கமும் இந்தக் கணக்கில் சேரும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று டாசன், ரீட் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இந்தியச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். நைட் ஷிஃப்ட்டோடு ஓவர்டைமும் முடித்து வருபவன் ஒரு சொட்டுக் குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம். அவனைத் திமிர் பிடித்தவன் என்று திட்டிப் பயனில்லை. அவனுக்குத் தேவை கம்பெனி பஸ்ஸில் ஓர் இடம், அல்லது கிளம்புமுன் அரை மணி நேரத் தூக்கம்.

எண்ணிக்கையைப் பார்த்தால் பெற்றோரின் பயம் மிகையல்ல. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள்; அவர்களில் ஏறத்தாழ 44 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 உடன் முதலிடத்தில் இருந்தது. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையில் ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். 80 கி.மீ. வேகத்தில் அது இரண்டு மடங்கு அல்ல, கிட்டத்தட்ட மூன்று மடங்கு, அதாவது 58 மீட்டர் அளவுக்குப் போய்விடும். அத்தனை துணிந்து மிச்சம் பிடிக்கும் நேரமோ சொற்பம். 10 கி.மீ. தூரத்தை 60-க்குப் பதில் 80-இல் போனால் கிடைப்பது இரண்டரை நிமிடம். அதுவும் வழியில் கடைத்தெருவும் சிக்னலும் இல்லாவிட்டால்தான்.

இதில் சட்டம் பதினெட்டு வயதில் ஒரு கோடு கிழிக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவுப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓர் ஆண்டுக்கு ரத்தாகும், சிறுவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. 2024 மே மாதம் புனேயில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசு கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தபோது தந்தையும் கைதானார். கோட்டைத் தாண்டியவர்களுக்குக் கதை வேறு. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தாமல் அருகே 2023 செப்டம்பர் 17 அன்று யூடியூபர் டி.டி.எஃப். வாசனின் பைக் விபத்துக்குள்ளானது. வீலிங் செய்ய முயன்றதாகப் போலீஸ் வழக்குப் பதிந்து அவரைக் கைது செய்தது. பைக்கையே எரித்துவிடலாம் என்று உயர் நீதிமன்ற நீதிபதி கடிந்துகொண்டார். போக்குவரத்துத் துறை அவருடைய லைசென்ஸைப் பத்து ஆண்டுகளுக்கு ரத்து செய்தது. வயது வந்தவர் என்பதால் கேள்வி எல்லாம் அவரை நோக்கியே வந்தது.

இது தண்டனைக்குத்தான் பொருந்தும், பணத்துக்குப் பொருந்தாது. நஷ்டஈட்டு வழக்கு ஓட்டியவரோடு வண்டியின் உரிமையாளர் மீதும் வரும். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லையென்றால், அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் அதை வசூலிக்கலாம் என்று 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி வகுத்தது. தன் சொந்த முரட்டு ஓட்டத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு அந்த வண்டியின் இன்ஷூரன்ஸ் நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று 2025 ஜூலையில் அதே நீதிமன்றம் ஒரு கர்நாடக வழக்கில் சொன்னது. உரிமையாளரே ஓட்டும்போது பொருந்தும் 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு, பெயருக்கேற்ப ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கானது. அப்பா பெயரில் வண்டி, ஓட்டுவது மகன் என்றால் அந்தக் காப்பை அவனுக்கென்று நம்பியிருக்க முடியாது. தவணை முடியட்டும், பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் குடும்பங்களுக்கு இது தெரிவதில்லை.

இனி பேச்சு. “இப்படியே போனா ஒரு நாள் செத்துத்தான் போவ” என்பது வீடுகளில் அதிகம் கேட்கும் வாக்கியம். அதிகம் தோற்பதும் அதுவே. ஓரிட் தாவ்ப்மன், ஃப்ளோரியன், மிகுலின்சர் ஆகிய இஸ்ரேலிய உளவியலாளர்கள் இளம் ஆண்களிடம் செய்து 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு காரணம் காட்டியது. ஓட்டும் திறமையைத் தன் மதிப்பாகக் கருதும் இளைஞர்களுக்கு மரணத்தை நினைவூட்டினால், அவர்கள் அடங்குவதற்குப் பதில் இன்னும் துணிச்சலாக ஓட்டவே முனைந்தார்கள். பயமுறுத்தல் அவர்கள் காதில் சவாலாக விழுகிறது. “எனக்குக் கன்ட்ரோல் இருக்கு” என்ற பதிலையும் பொய் என்று தள்ள முடியாது, அவன் அதை உண்மையாகவே நம்புகிறான். 1981-இல் உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் அமெரிக்க, ஸ்வீடன் மாணவர்களிடம் கேட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் தாங்கள் சராசரியைவிட நன்றாக ஓட்டுவதாகவே சொன்னார்கள். திறமையைக் குறை சொன்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும். ஆனால் 80 கி.மீ. வேகத்தில் நிற்க நல்ல ஓட்டுநருக்கும் 58 மீட்டர் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் குடிநோயாளிகளுக்காக வகுத்த உரையாடல் முறை இங்கே உதவும். மாற வேண்டிய காரணத்தை மற்றவர் அடுக்காமல், மாற வேண்டியவர் வாயிலிருந்தே வரவழைப்பது அதன் சாரம். “ஓட்டுற விதத்தை மாத்தணும்னு பத்துக்கு எவ்வளவு தோணுது?” என்று கேட்டு அவன் ‘மூணு’ என்றால், ‘ஏன் பத்து இல்ல?’ என்று கேட்கக் கூடாது. “ஏன் ஒண்ணு இல்ல, மூணு?” என்று கேட்டால், அந்த இரண்டுக்கான காரணத்தை அவனே சொல்வான். சென்ற மாதம் லாரிக்கு அடியில் போக இருந்தது, நண்பன் விழுந்தது என்று ஏதாவது வரும். சலானை வைத்தும் தொடங்கலாம்: “ரெண்டு ஃபைன் மெசேஜ் வந்திருக்குப்பா. ரெண்டும் விடியக்காலை. அந்த நேரத்துல என்ன அவசரம்?” இந்தக் கேள்விக்கு ஷிஃப்ட், சூப்பர்வைசர், சம்பளப் பிடித்தம் என்று உண்மையான பதில் வர வாய்ப்பு உண்டு. “பக்கத்து வீட்டுப் பையனப் பாரு” என்பதற்கு எந்தப் பதிலும் வராது.

எப்போது பேசுவது என்பதும் பாதி வேலை. தப்பிப் பிழைத்து வந்த இரவிலோ, தங்கைக்கும் மாமாவுக்கும் எதிரிலோ பேசக் கூடாது. ஷிஃப்ட் முடித்துத் தூங்கி எழுந்த பிறகு, தனியாக, ஒரே ஒரு பழக்கத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும். அப்பாவுக்கும் பையனுக்கும் பேச்சுவார்த்தையே குறைந்துபோன வீடுகளில் அம்மாவோ அக்காவோ, அவன் மதிக்கும் சித்தப்பாவோ பேசுவது மேல். ஆனால் பலர் சேர்ந்து சுற்றி நின்றால் அது பஞ்சாயத்து. பெற்றோரின் ஓட்டமும் இதில் கணக்கில் வரும். பெற்றோரின் ஓட்டும் பாணியும் பிள்ளைகளின் பாணியும் ஒத்துப்போகின்றன என்று தாவ்ப்மனின் பிற்கால ஆய்வுகள் காட்டின. டேங்க் மேல் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் அப்பா ஹெல்மெட் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

பேசியும் கேட்கவில்லை என்றால், தன் கையில் இருப்பதை மட்டும் பெற்றோர் எடுத்துக்கொள்ளலாம். அவன் பின்னால் ஏறுவதில்லை, ஃபைனும் ரிப்பேர் செலவும் கட்டுவதில்லை, அடுத்த பெரிய பைக்குக்கு ஜாமீன் போடுவதில்லை என்பவை அவர்கள் சொன்னபடி செய்துகாட்டக் கூடியவை. சொல்லிவிட்டுச் செய்யாமல் போனால் சொல்லாமலே இருந்திருக்கலாம். சாவியைப் பிடுங்குவது குடித்திருக்கும் இரவுக்கு மட்டும் சரி. மற்ற நாட்களில் அவன் நண்பனின் வண்டியில் போவான். குடி அடிக்கடி நடந்தால் வண்டிப் பேச்சை விட்டுவிட்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போவதே முதல் வேலை.

வண்டி அவனுடையது என்றால் காகிதத்திலும் அப்படியே இருக்கட்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தர வேண்டும். கடன் நிலுவையில் இருந்தால் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் தேவை. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸ் பாலிசியையும் புதிய பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதோடு சேர்த்துத் தனிநபர் விபத்துக் காப்பீடும் அவன் பெயரில் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.