கோட்டை அடுப்பும் குமுட்டி அடுப்பும்

பி.எஸ்ஸி. இயற்பியல், மூன்றாம் ஆண்டு

கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்குச் சாம்பார் கொதிக்கக் கோட்டை அடுப்பு வேண்டும். மாலையில் வந்த ஒரு விருந்தினருக்குக் காப்பி போடக் குமுட்டி அடுப்பே போதும். இவற்றுள் எது சிறந்தது என்று யாரும் பட்டிமன்றம் வைப்பதில்லை. ஆனால் கணிப்பொறி என்று வந்துவிட்டால், படித்தவர்களாகிய நாமே ‘பெரியது எதுவோ அதுவே சிறந்தது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இவ்வாண்டு எங்கள் துறையில் இத்தகைய விவாதம் ஒன்று நடந்து வருகிறது. கணிப்பொறி வாங்குவதற்காகப் பழைய மாணவர் ஒருவர் துறைக்கு ஒரு தொகை தர முன்வந்துள்ளார். எங்கோ உபயோகித்துக் கழித்த சர்வர் ஒன்றை அத்தொகைக்கு வாங்கலாம் என்பது நண்பர்கள் சிலரின் கட்சி. பழைய மடிக்கணினிகள் நான்கைந்து வாங்கலாம் என்பது மற்றவர் கட்சி. முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. என் கருத்தைக் கூறுமுன், இவ்விரு வகைக் கணிப்பொறிகளின் மூளையாகிய நுண்செயலிகள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை விளக்க முற்படுகிறேன்.

சர்வர் என்பது ஒரே சமயத்தில் பலருக்கு ஏவல் செய்யும் கணிப்பொறி. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஆயிரக்கணக்கானோர் தத்தம் பதிவு எண்ணைத் தட்டும்போது, அத்தனை பேருக்கும் விடை சொல்வது அதன் வேலை. மடிக்கணினியோ ஒருவருக்கு மட்டும் உழைப்பது. அதுவும் பாட்டரியில் உள்ள மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட்டு உழைக்க வேண்டியது.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

ஒப்பிடுவதென்றால் சமகாலத்தவரை ஒப்பிடுவதே முறை. இன்டெல் நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டு சில்லுகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, சர்வருக்கான சியான் பிளாட்டினம் 8180. மற்றொன்று, மெல்லிய மடிக்கணினிகளுக்கான கோர் ஐ7-8550யு. இரண்டும் 14 நானோமீட்டர் என்னும் ஒரே தலைமுறைத் தொழில்நுட்பத்தில் உருவானவை.

நுண்செயலிக்குள் தனித்தனியே கணக்கிடவல்ல பகுதியைக் ‘கோர்’ என்பர். சர்வர் சில்லில் 28 கோர்கள்; மடிக்கணினிச் சில்லில் 4 கோர்கள். கணக்கிடும் பகுதிக்கு அருகிலேயே அமைந்த ‘கேஷ்’ நினைவகம் முன்னதில் 38.5 மெகாபைட், பின்னதில் 8 மெகாபைட். வெளி நினைவகத்தோடு பேச முன்னதற்கு ஆறு வழிகள், பின்னதற்கு இரண்டு. முன்னது 205 வாட் வெப்பத்தை வெளியேற்றும் ஏற்பாட்டை வேண்டுவது. பின்னதற்கு 15 வாட் போதும். வெளியானபோது நிறுவனம் அறிவித்த விலை, முன்னதற்கு 10,009 டாலர். பின்னதற்கு 409 டாலர்.

இதுவரை படித்தவர், ‘சர்வரின் பக்கமே நியாயம்’ என்று எண்ணுவது இயல்பே. ஆனால் இன்னும் ஓர் எண் இருக்கிறது. ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது சர்வர் சில்லு எட்டக்கூடிய உச்ச அதிர்வெண் 3.8 கிகாஹெர்ட்ஸ், மடிக்கணினிச் சில்லு எட்டுவதோ 4.0 கிகாஹெர்ட்ஸ்! ஆம், சிறிய சில்லே சற்று முந்துகிறது.

வெப்பம் என்னும் கடிவாளம்

அப்படியானால் சிறியது எப்போதும் அதே வேகத்தில் ஓடலாமே? ஓட முடியாது. சில்லு செலவிடும் திறன் அதன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைவது. அதிர்வெண்ணை உயர்த்த வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். ஆகவே வேகம் சிறிது கூடினாலும் வெப்பம் பெரிதும் கூடிவிடுகிறது. மடிக்கணினியின் மெல்லிய உடலிலிருந்து அவ்வெப்பம் வெளியேற இடமில்லை. எனவே சில்லு சிறிது நேரம் விரைந்து ஓடிவிட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதன் அடிப்படை அதிர்வெண் 1.8 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. சர்வர் சில்லின் அடிப்படை அதிர்வெண் 2.5 கிகாஹெர்ட்ஸ். பெரிய விசிறிகளும் குளிரூட்டிய அறையும் வாய்த்தால், நாள் முழுதும் எல்லாக் கோர்களும் உழைத்தாலும் அது தளராது.

நாம் ஒரு வரைபடம் வரையச் சொன்னால் மடிக்கணினி இரண்டு நொடியில் முடித்துவிட்டு ஓய்வெடுக்கிறது. இரவெல்லாம் ஓட வேண்டிய கணக்கைக் கொடுத்தாலோ மூச்சு வாங்குகிறது.

28 பேர் கூடினால் 28 மடங்கா?

நாற்று நடும் வேலையை 28 பேருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். ஒரு கடிதம் எழுதும் வேலையைப் பகிர்ந்து கொடுக்க முடியுமா? இக்கருத்தை ஜீன் அம்தால் என்னும் கணிப்பொறி வல்லுநர் 1967-இல் எடுத்துரைத்தார். வேலையில் பகிர முடியாத பகுதி எவ்வளவோ, அதுவே வேகத்துக்கு எல்லை வகுக்கும் என்பது அதன் சாரம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு வேலையில் பாதி பகிர முடியாதது என்று கொள்வோம். 4 கோர்களால் அது 1.6 மடங்கு விரைவில் முடியும். 28 கோர்களால்? ஏறத்தாழ 1.93 மடங்கே. கோர்கள் ஏழு மடங்கு கூடியும் கிடைத்த பயன் இவ்வளவுதான். பத்தில் ஒரு பங்கு மட்டுமே பகிர முடியாதது என்றால், 4 கோர்களுக்கு 3.1 மடங்கும் 28 கோர்களுக்கு 7.6 மடங்கும் கிடைக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆயிரம் கணக்குகளைப் போடும்போதுதான் சர்வரின் முழு ஆற்றலும் வெளிப்படும்.

சர்வருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. நினைவகத்தில் பூச்சியம் ஒன்று தவறி ஒன்றாக மாறிவிட்டால், அதைக் கண்டுபிடித்துத் தானே திருத்தும் வசதியுள்ள நினைவகத்தை அது ஏற்கிறது. இவ்வகைத் திருத்தும் முறைக்கு வழிகாட்டியவர் ரிச்சர்டு ஹாமிங், ஆண்டு 1950. பிறருடைய பணத்தையும் மதிப்பெண்ணையும் காக்கும் பொறிக்கு இஃது இன்றியமையாதது. நான் எடுத்துக்கொண்ட மடிக்கணினிச் சில்லில் அவ்வசதி இல்லை. ஆனால் திரையில் படம் காட்டும் பகுதி அதனுள்ளேயே அமைந்திருக்கிறது; சர்வர் சில்லில் அது கிடையாது.

மின்சாரக் கணக்கு

205 வாட் இடைவிடாது செலவானால் நாளொன்றுக்கு 4.92 யூனிட், முப்பது நாளில் 147.6 யூனிட். 15 வாட்டுக்கு அதே காலத்தில் 10.8 யூனிட் மட்டுமே. இது சில்லின் கணக்கு மட்டும்; விசிறிகளும் அறையின் குளிரூட்டியும் தனி. சர்வரைத் தருபவர் மாதாமாதம் வரும் மின்கட்டணத்தையும் சேர்த்துத் தரப்போவதில்லை. மின்சாரம் நின்றால் மடிக்கணினிக்குப் பாட்டரி உண்டு. சர்வருக்கு அதையும் நாமே தனியாக வாங்கி வைக்க வேண்டும்.

என் கருத்து

நமக்கு விலைக்கு வரும் பழைய சர்வரில் இதே சில்லுதான் இருக்கும் என்று நான் கூறவில்லை. ஆயினும் அதன் குணம் இதுவே. நம் வேலை என்ன? சோதனைக்கூட அளவீடுகளை வரைபடமாக்குவது, சிறு நிரல்கள் எழுதிப் பார்ப்பது, திட்ட அறிக்கையைத் தட்டச்சு செய்வது. இவற்றில் எதுவும் 28 கோர்களைக் கேட்பதில்லை. பெரிய கணக்குப் போடும் முதுகலை மாணவர் ஓரிருவர் ஆண்டில் சில நாள்கள் மட்டுமே சர்வரை நாடுவர். அவர்கள் துறைத்தலைவர் வாயிலாகப் பல்கலைக்கழகக் கணிப்பொறி மையத்தின் உதவியைக் கோரலாம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம்முள் பலர் நாலரை மணிப் பேருந்தைத் தவறவிட்டால் ஊர் போய்ச் சேர முடியாதவர்கள். பூட்டிய அறைக்குள் இரவெல்லாம் ஓடும் சர்வரால் அவர்களுக்கு என்ன பயன்? மடிக்கணினி என்றால் பதிவேட்டில் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமை எடுத்துச் சென்று திங்கட்கிழமை திருப்பித் தரலாம். வீட்டில் கணிப்பொறியே இல்லாத ஒரு மாணவிக்கு, சனி ஞாயிறு இரண்டு நாள்கள் அது முழுவதும் அவளுடையதாகிறது. ஐந்து மடிக்கணினிகள் என்றால் வாரத்துக்கு ஐந்து பேர். ஒரு பருவத்துக்குள் வகுப்பில் அனைவருக்கும் முறை வந்துவிடும்.

சர்வர் கட்சியைச் சேர்ந்த நண்பர்களும் இக்கணக்குகளைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டுகிறேன். பிழை இருந்தால் சுட்டிக் காட்டட்டும். துறைக்கூட்டத்தில் கைதூக்குமுன் ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘எந்தச் சில்லு பெரியது?’ என்பதன்று, ‘யாருடைய வேலைக்கு?’ என்பதே.